நாலாவது புகைபோக்கி

டைட்டானிக்கின் நான்கு புகைபோக்கிகளில் கடைசி ஒன்று கொதிகலனோடு இணைக்கப்படவே இல்லை. காற்றோட்டமும் சமையலறைப் புகையும்தான் அதற்கு வேலை. புகைபோக்கி அதிகமென்றால் கப்பலின் வேகமும் பலமும் அதிகம் என்று பயணிகள் நம்பிய காலம். கம்பெனிகளும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை!

நாம் சொகுசு அறைகளின் படங்களையே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அட்லாண்டிக்கைக் கடந்த பயணிகள் கப்பல் தொழிலைத் தாங்கியது கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துப் போன குடியேறிகளின் டிக்கெட் காசும் அரசுத் தபால் ஒப்பந்தங்களும்தான். அதற்கும் கீழே கொதிகலன் அறை. ஒருவர் தள்ளுவண்டியில் நிலக்கரியைக் கொண்டுவந்து கொட்ட, இன்னொருவர் அதை அள்ளி உலைக்குள் வீசுவார். நடுநடுவே நீளக் கம்பியால் கிளறிச் சாம்பலை இழுப்பார். ராத்திரி பகல் கிடையாது, ஷிஃப்ட்தான். 1920களில் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் வந்ததும் இவர்களில் பெரும்பாலானோருக்கு வேலை போனது.

1924இல் அமெரிக்கா குடியேற்றத்தை இறுக்கியதும் கீழ்த்தளத்துக்கு ஆள் குறைந்தது. அதையே கொஞ்சம் சீர்படுத்திச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார்கள். கெட்டிக்காரர்கள்.

1952இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பல் அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. சரி, இதற்கு மேல் என்ன வேகம்? 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் விமானச் சேவை தொடங்கிவிட்டது. 1969இல் அந்தக் கப்பலையும் ஓரங்கட்டிவிட்டார்கள்.