80ஜி இல்லாத அறக்கட்டளைக்கு நிதி திரட்டிய அனுபவம்

எங்கள் மாவட்ட மருத்துவர் சங்கத்தின் அறக்கட்டளைக்கு நிதி திரட்டி, வசதியற்ற சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் மையம் அமைப்பதென்று 2024 தொடக்கத்தில் முடிவாகி, பொருளாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. உறுப்பினர்களிடம் கேட்பதில் சிரமமே இருக்கவில்லை. பலர் தொலைபேசியிலேயே தொகையைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தை முறைப்படி வாங்கும் நிலையில் அறக்கட்டளை இருக்கிறதா என்பதை அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

அதைப் பார்க்க வைத்தது ஒரு நூற்பாலை. கம்பெனிகள் சட்டப்படி மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய அந்த நிறுவனம், இரண்டு டயாலிசிஸ் இயந்திரங்களுக்குப் பணம் தர முன்வந்து, எங்களுடைய சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணை, அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைப் பெறும் அமைப்புக்கான எண்ணைக் கேட்டது. அந்த எண்ணைப் பெற, அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவு, நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி ஒப்புதல் என வருமான வரித்துறையின் இரண்டும் வேண்டியிருந்தது. அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் 80ஜி உத்தரவு பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 2021 ஏப்ரலுக்குப் பிறகு எல்லா அறக்கட்டளைகளும் 10ஏ படிவத்தின் மூலம் மறுபதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் மாறிய பின் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. எங்கள் ஆடிட்டர் அலுவலகம் 12ஏக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, 80ஜிக்குத் தனியாக இன்னொரு 10ஏ தாக்கல் செய்ய வேண்டும் என்பதை விட்டுவிட்டது. விசாரித்தபோது, "ரெண்டும் சேர்ந்துதான் சார் வரும்" என்று அங்கிருந்த உதவியாளர் சற்றும் தயங்காமல் சொன்னார். சேர்ந்து வராது. வரித்துறை தளத்தில் நுழைந்து, இரண்டுக்கும் தனித்தனி உத்தரவு இருக்கிறதா என்பதைப் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே நீங்களே பார்த்துவிடுங்கள்.

நல்ல வேளையாக, மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 ஏப்ரல் 25 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின் மூலம், தவறவிட்டவர்களுக்கு ஜூன் 30 வரை கடைசி வாய்ப்பைக் கொடுத்தது. விண்ணப்பத்தோடு அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலை இணைக்க வேண்டும். எங்கள் பத்திரமோ பழைய செயலாளர்கள் கைமாறியதில் எங்கோ தொலைந்திருந்தது.

சான்றிட்ட நகல் வாங்கச் சார்பதிவாளர் அலுவலகம் போனபோதுதான் உண்மையான சோதனை தொடங்கியது. அசையாச் சொத்து எதுவும் சேராத அறக்கட்டளைப் பத்திரம் நான்காம் புத்தகத்தில் பதிவாகும். அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தைப் போல அதன் நகலை யார் கேட்டாலும் தர மாட்டார்கள். எழுதிக் கொடுத்தவர் நேரில் வர வேண்டும் என்று எழுத்தர் ஒரே பிடியாக நின்றார். எழுதிக் கொடுத்த மூத்த மருத்துவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொன்ன பிறகும் அவர் பதில் மாறவில்லை. பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பத்திரத்தின் கீழ் உரிமை கோருபவருக்கும் நகல் தரலாம் என்கிறது. அப்படியானால் நான் அறங்காவலர் என்பதை நிரூபிக்க வேண்டும். சங்கப் பொருளாளர் பதவி வழியில் அறங்காவலர் ஆவார் என்று எழுதியிருப்பதோ அந்தப் பத்திரத்தில்தான்! இந்த முடிச்சு அவிழ்ந்தது, யாரும் எதிர்பாராத வகையில், வங்கிக் கிளையில். கணக்குத் தொடங்கிய காலத்தில் கொடுத்த பத்திர நகல், பழைய கோப்பில் பதிவெண்ணோடு அப்படியே இருந்தது. அதையும், என்னைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தின் நகலையும் இணைத்து எழுத்து மூலம் மனுக் கொடுத்த பிறகு, சார்பதிவாளரே அழைத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எழுத்தர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

80ஜி உத்தரவும் சிஎஸ்ஆர்-1 எண்ணும் அதன்பின் சிக்கலின்றி வந்தன.

வெளிநாட்டில் இருக்கும் வகுப்புத் தோழர்கள் தாராளமாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அங்கேதான் மனக்கசப்பும் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் வெளிநாட்டவரே. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆகவே, கணக்கு எண் கேட்டவர்களிடம் முதலில் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டோம். "என்னையே சந்தேகப்படுகிறாயா?" என்று கேட்ட ஒரு நண்பர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனாலும் முதலில் வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்ன யோசனையைக் கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று.

உள்ளூர் வசூலிலும் சில கண்ணிகள் உண்டு. அப்போதைய வருமான வரிச் சட்டப்படி, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு 80ஜி கழிவு கிடைக்காது. மாநாட்டு அரங்கில் உண்டியல் வைக்கலாம் என்ற ஆர்வத்தை நான் தடுத்தேன். பெயர் தெரியாத நன்கொடைகள் ஒரு லட்சம் ரூபாய், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், மிகுதிக்கு 30 சதவீத வரி உண்டு. வட்டியை மட்டும் செலவிடும் மூலதன நிதியாகச் சேர்க்க வேண்டிய தொகைக்கு, அந்த நோக்கத்தைக் குறிப்பிட்டுக் கொடுப்பவரே எழுதிய கடிதம் வேண்டும். பணம் வாங்கும்போதே அதையும் வாங்கிவிட வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை; சொன்ன பிறகும் யாரும் தொகையைக் குறைக்கவில்லை என்பது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

நாம் தரும் ரசீது மட்டும் போதவில்லை. நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பான் எண்ணோடு 10பிடி அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்தால்தான், கழிவு கோர அவருக்குத் தேவையான 10பிஇ சான்றிதழ் உருவாகும் என்பது அப்போதைய விதி. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். மருத்துவமனைக் கணக்கிலிருந்து பணம் அனுப்பிவிட்டுத் தம் சொந்தப் பான் எண்ணைத் தந்தவர்களைத் தேடித் திருத்துவதே பெரும் வேலையாகிவிட்டது. எழுத்துப் பிழை இல்லாத மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்று நான் கேட்கவில்லை, பான் எண்ணையாவது தட்டச்சு செய்து அனுப்பியிருக்கலாம்.

நூற்பாலை தந்த இரண்டு இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றைத் தம் மருத்துவமனையில் வைத்துக்கொள்ள ஓர் உறுப்பினர் முன்வந்தபோதிலும், சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கிய சொத்து அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதால், வாடகைக் கட்டடம் எடுத்து அங்கே நிறுவினோம். ஐந்தாண்டுப் பதிவு 2026 மார்ச்சுடன் முடியும் என்பதால், அதற்கு ஆறு மாதம் முன்பாக, புதுப்பிப்பதற்கான 10ஏபி படிவத்தை 12ஏக்கு ஒன்று, 80ஜிக்கு ஒன்று எனத் தனித்தனியே தாக்கல் செய்தோம். இம்முறை பக்கத்தில் அமர்ந்து, இரண்டு ஒப்புகை எண்களையும் நானே குறித்துக்கொண்ட பிறகுதான் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து எழுந்தேன்.