வாந்தி வரலையே நர்ஸம்மா

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், நாள் தள்ளிப்போன சேதி முதலில் மூக்குக்குத்தான் எட்டும். நேற்றுவரை மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவள் தூள் வாடை ஆகவில்லை என்று வாசலுக்கு வந்துவிடுவாள். இந்த மருமகளோ கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டு கோடு விழுந்த பிறகும் அசராமல் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமியாருக்கு அதுதான் சந்தேகம்.

"மசக்கையே இல்லையே நர்ஸம்மா, கரு தங்குமா?" என்று மருமகளே கேட்டாள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதும்மா. சிலருக்கு வாந்தியே வராது, நல்லாவே பெத்துக்குவாங்க" என்றேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தேன். கொஞ்ச நாள் பீடித்தூளைத் தொடாதே என்றும் சொன்னேன். நடக்கிற காரியமா அது?

சொன்னதில் பொய் இல்லை. நாலில் மூன்று பேருக்குக் குமட்டல் வரும், பெரும்பாலும் 6-வது வாரத்தில் தொடங்கும். மற்றவர்களுக்கு அது இல்லாமலே பிரசவம்வரை போகும். ஒருத்திக்கு மார்பு கனக்கும், ஒருத்திக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம் சொக்கும். இன்னொருத்தி லேசாக உதிரம் பட்டதைப் பார்த்துவிட்டு மாதவிலக்கு என்றே இருந்துவிடுவாள். ஒரே பெண்ணுக்கே முதல் பிள்ளைக்கு ஒரு மாதிரி, அடுத்ததற்கு வேறு மாதிரி.

10-வது வாரத்துக்குள் அவளுக்குக் கலைந்துவிட்டது.

ஆரம்பத்தில் கலைவதில் பாதிக்குப் பாதி கருவின் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) கோளாறுதான், யாரும் தடுக்க முடியாது. மாமியார் என்னைத் திட்டவும் இல்லை. "நாங்க அப்பவே சொன்னோமே" என்றார், அவ்வளவுதான். வாந்தி உள்ளவர்களுக்குக் கலைவது குறைவு என்று ஆய்வுகள் சொல்வது எனக்கு அன்றைக்கே தெரியும். பயந்து நிற்பவளிடம் அதையா சொல்வது? சொல்லியிருந்தால் வாந்தி வருகிறதா, வருகிறதா என்று வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாந்தி இல்லாததால் கரு கலைவதும் இல்லை. சரி, ஆனால் "நல்லாவே பெத்துக்குவாங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டுமா? ராத்திரியில் இதையேதான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். சோறு கொதிக்கும் வாசத்துக்கே புழக்கடைக்கு ஓடுகிறாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "இந்தத் தடவ நிக்கும்தானே?" என்கிறாள்.

வாந்தியை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாதம்மா என்பதுதான் நியாயமான பதில். எனக்கு வாய் வரவில்லை. "தண்ணிகூட தங்கலன்னா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா உடனே வந்துடு. 7-வது வாரத்துக்கு மேல ஸ்கேன்ல துடிப்பு பார்த்துக்கலாம்" என்றேன்.

"அதான் வாந்தி வருதே, அப்புறம் ஸ்கேன் எதுக்கு?" என்கிறார் மாமியார்.