கடிதம் கிராண்டில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும்

2019 தொடக்கத்தில் ஒரு பதிவுத் தபால் வந்தது. பழுப்பு உறை, உள்ளே மலாயில் இரண்டு பக்கம், கூடவே ஒரு சின்ன வரைபடம். எங்கள் சந்தின் கடைசியில் இருக்கும் பழைய பங்களா நிலத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது, பக்கத்து நில உரிமையாளர் என்ற முறையில் ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம், நேரில் பேச விரும்பினால் அதையும் குறிப்பிடலாம் என்று இருந்தது. அப்பா போன பிறகு வீடு என் பெயருக்கு மாறியிருந்ததால் கடிதம் எனக்கு வந்தது.

எதிர்வீட்டு அக்காவுக்கு வரவில்லை. அவர் அந்த வீட்டில் 19 வருஷமாக வாடகைக்கு இருந்தார். இரண்டு பிள்ளைகளும் அங்கிருந்துதான் பள்ளிக்குப் போய் வளர்ந்தார்கள். வீட்டுக்காரர் ஈப்போவில் இருக்கிறார், மாதா மாதம் வாடகை வங்கிக்குப் போகிறது, அவ்வளவுதான் தொடர்பு. அக்காவின் வீட்டைப் பற்றிய கடிதம் ஈப்போவுக்குப் போயிருக்கும்.

இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பினாங்கில் நம்மில் எத்தனை பேர் வாடகைக்கு இருக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வீடுகளின் பக்கத்தில் என்ன கட்டப் போகிறார்கள் என்று கேட்டுக் கடிதம் அனுப்பும்போது சட்டம் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

இனி அந்தக் கட்டடம். கட்ட நினைத்தது வெளியாள் இல்லை, நம் ஆட்கள் நடத்தும் ஒரு சங்கம். கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் மையம், முதல் மாடியில் டியூஷன் வகுப்புகள், மேலே ஒரு மண்டபம். என் அப்பா கடைசி இரண்டு வருஷமும் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போனவர். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் இருப்பார், எழுந்ததும் கால் நிற்காது, நான் தோளில் சாய்த்துக் காருக்குக் கூட்டி வருவேன், வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே இருப்பார். அதனால் சந்துக்குள்ளேயே இப்படி ஒரு மையம் வருகிறது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இது வேண்டும் என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் எங்கள் சந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜாலான் பி. ரம்லி பக்கம். மழை என்றால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய மழையில் மாநிலத்தில் 7 பேர் இறந்தார்கள். எங்கள் சந்தில் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது விடியற்காலை மூன்று மணி. அக்கா வீட்டில் அரிசி வாளி மிதந்தது. மறுநாள் சுவரைக் கழுவும் முன் அவர் தன் மகனின் பென்சிலை எடுத்துச் சமையலறைக் கதவுச் சட்டத்தில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 5.11.17 என்று எழுதி வைத்தார். என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே அந்தக் கோடு. பிறகு இரண்டு முறை வீட்டுக்குச் சாயம் அடித்தார்கள், கதவுச் சட்டத்தை மட்டும் அக்கா தொடவிடவில்லை.

அந்தப் பங்களா நிலம் முழுக்கப் புல்லும் மாமரமுமாக இருந்தது. எவ்வளவோ தண்ணீரை அது குடித்துக்கொண்டிருந்தது. அதைச் சிமெண்டு போட்டு மூடினால் அந்தத் தண்ணீரும் எங்கள் லோங்காங்குக்குத்தான் வர வேண்டும். வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தது, தண்ணீர் எங்கே போகும் என்பது எனக்குத் தெரிந்த வரை இல்லை.

சட்டத்தை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், சட்ட எண் 172. அதில் 21ஆவது பிரிவு. ஓர் இடத்துக்கு உள்ளூர்த் திட்டம், அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று முன்கூட்டியே வகுத்த திட்டம், இல்லாத நிலையில் யாராவது கெபெனாரான் மெரன்சாங், அதாவது திட்டமிடல் அனுமதி கேட்டால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு ஊராட்சி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பக்கத்து நிலம் என்றால் ஒட்டியிருப்பது, இல்லை 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ நடுவில் இருப்பது. முட்டுச் சந்தாக இருந்து எல்லாரும் அதே வழியைப் பயன்படுத்தினால் 200 மீட்டர் வரை உள்ள நிலங்களும் சேரும். எங்கள் சந்து முட்டுச் சந்து, அதனால்தான் என் வீடு வரை கடிதம் வந்தது. பினாங்குத் தீவுக்கு அப்போது வர்த்தமானியில் வெளியான உள்ளூர்த் திட்டம் இல்லை. இருந்திருந்தால் இந்தப் பிரிவின்படி எனக்கும் கடிதம் அனுப்ப வேண்டிய கட்டாயம் இருந்திருக்காது. உங்கள் இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் வரைவாகப் பார்வைக்கு வைக்கப்படும்போதே போய்ப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். அந்த நேரத்தில் பேசாவிட்டால் பிறகு உங்களைத் தேடி யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதியவர்தான் முடிவு பிடிக்காவிட்டால் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக முடியும், அதுவும் ஒரு மாதத்துக்குள். எழுதாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. அக்காவைப் போன்றவர்களுக்கு முதல் கதவே இல்லை, அப்புறம் இரண்டாவதைப் பற்றி என்ன பேச.

நான் எழுதினேன். இரண்டே விஷயம்: தண்ணீர், மண்டபத்தில் கல்யாணம் நடக்கும் நாளில் கார்கள். கூடவே அக்கா வீட்டுக் கதவுச் சட்டத்தின் படத்தை அளவுகோல் வைத்து எடுத்து இணைத்தேன். அக்கா சொன்னதை அப்படியே ஒரு பக்கம் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, என் கடிதத்தின் பின்னிணைப்பாக வைத்தேன். அவர் பெயரில் தனியாக அனுப்பினால் நில உரிமையாளர் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம்.

விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, சங்கத் தலைவர் ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவின் பழைய நண்பர், அப்பா போன நாளில் சுடுகாடு வரை வந்தவர். காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "நம்ம பிள்ளைகளே எதிர்த்து எழுதினா வெளியாள் என்னம்மா சொல்வான்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. "ஐயா, கட்ட வேணாம்னு நான் எழுதலை. தண்ணி எங்க போகும்னு கேட்டிருக்கேன். அப்பா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனார்.

அவர் மனம் புண்பட்டது எனக்குப் புரிந்தது, ஏனென்றால் சந்தில் வேறு சிலர் எழுதிய ஆட்சேபங்கள் அப்படிப்பட்டவை. ஒருவர் வீட்டு விலை இறங்கும் என்று எழுதினார். இன்னொருவர் நோயாளிகள் வந்து போவது தெருவுக்கு நல்லதில்லை என்று எழுதினார். அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு அப்பாவின் கையில் இருந்த ஊசித் தழும்புகள் ஞாபகத்துக்கு வந்தன. ஆட்சேபம் சொல்வது நம் உரிமைதான், ஆனால் ஒரு மனுஷன் உயிரோடு இருக்க வந்து உட்காரும் நாற்காலியை எதிர்ப்பது அந்த உரிமைக்குள் அடங்காது என்று நான் நினைக்கிறேன். இந்த மாதிரிக் கடிதங்களால் நியாயமான கேள்விகளும் சேர்த்துக் கெட்டுப்போகின்றன.

பெண்டெங்காரான் என்று சொல்லும் அந்த விசாரணை நீதிமன்றம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். நீண்ட மேசை, மேசைக்கு ஒரு பக்கம் அதிகாரிகள், மறுபக்கம் கட்டட வரைஞரும் திட்டமிடுநரும் சங்கத்தாரும், கடைசி வரிசை நாற்காலிகளில் நாங்கள். குளிர் அதிகம். முதலில் வரைஞர் திரையில் காட்டினார், பிறகு ஒவ்வொருவராக எழுந்து பெயர், லோட் எண் (நிலத்தின் எண்), ஆட்சேபம். எல்லாம் மலாயில். மூலை வீட்டுச் சீன அங்கிள் கார்களைப் பற்றிப் பேசினார், தன் வீட்டு வாசலில் கார் மறித்து நின்றதால் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருபது நிமிஷம் தாமதமானதைச் சொன்னார். அந்த ஒரு சம்பவம் போதுமானதாக இருந்தது, அதிகாரி தேதியையும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அக்காவும் என்னோடு வந்திருந்தார். வேலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்து, பச்சை நிறச் சேலை கட்டி, அந்தப் படத்தை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் லோட் எண் கேட்டார்கள். அக்கா வீட்டு எண்ணைச் சொன்னார். உரிமையாளரா என்றார்கள். "சேவா, துவான்" என்றார். வாடகை. மேசையில் இருந்த பெயர்ப் பட்டியலை ஒருவர் விரலால் மேலிருந்து கீழே தேடினார். யாரும் கடுமையாகப் பேசவில்லை, அந்த நேரம் அறை அமைதியாகிவிட்டது, அக்கா நின்றுகொண்டே இருந்தார். நான் எழுந்து, அவர் என் ஆட்சேபத்துக்குச் சாட்சி, பின்னிணைப்பில் அவர் கையெழுத்து இருக்கிறது என்றேன். சரி, உங்கள் நேரத்தில் அவர் பேசட்டும் என்றார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதிக்கு மேல் அக்கா பேசினார். தண்ணீர் எந்த மூலையில் முதலில் வந்தது, எந்த லோங்காங் முதலில் பொங்கும், எத்தனை நிமிஷத்தில் வாசற்படி மறையும் என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்த அறையில் இருந்த யாருக்கும் அந்தச் சந்தை அவ்வளவு தெரியாது. எனக்கும்தான்.

அன்றைக்கே முடிவு சொல்வதில்லை. எங்கள் பேச்செல்லாம் பதிவாகி, அனுமதியை முடிவு செய்யும் ஓஎஸ்சி கமிட்டிக்குப் போகும், வடிகால் விஷயத்துக்கு அந்த இலாகாவின் கருத்தும் சேரும். சில மாதம் கழித்து அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. நிலத்துக்குள்ளேயே மழைநீர் தேங்கி மெதுவாக வெளியேற ஒரு தொட்டி, எங்கள் பக்கக் கால்வாயை அகலப்படுத்துவது, மண்டபத்தில் ஆட்கள் எண்ணிக்கையைக் குறைப்பது. டயாலிசிஸ் பகுதியில் ஒரு நாற்காலிகூடக் குறையவில்லை. நான் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை, போகவும் வேண்டியிருக்கவில்லை. தலைவர் ஐயா திறப்பு விழாவுக்கு அழைப்பிதழைத் தானே கொண்டுவந்து கொடுத்தார், அன்றைக்குக் காப்பி குடித்தார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் கோலாலம்பூரில் நடந்த தாமான் ரிம்பா கியாரா வழக்கு. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்தில் உள்ள பூங்காவின் ஒரு பகுதியில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி கொடுக்கப்பட்டது, குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்று, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்து, 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் ஜெயித்தார்கள். நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான அமர்வு அனுமதி செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு நம் எல்லாருக்கும் பலம், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பூங்கா ஓரத்தில் யார் இருந்தார்கள்? புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் குடும்பங்கள். தோட்டம் கையகப்படுத்தப்பட்ட பிறகு தற்காலிகம் என்று சொல்லி நீண்ட வீடுகளில் வைக்கப்பட்டவர்கள், அந்தத் தற்காலிகம் நாற்பது வருஷமாகிவிட்டது. அதே திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் சேர்ந்திருந்தன. பூங்காவைக் காப்பாற்றியது நியாயம், அவர்களுக்கு வீடு கேட்பதும் நியாயம். செய்தியில் இரண்டு தரப்பையும் மோத விட்டுப் படிக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. கிராண்ட் வைத்திருந்தவர்கள் வழக்குப் போட முடிந்தது, தோட்டத்து ஆட்கள் காத்திருந்தார்கள். இங்கே கெலுகோரில் கம்போங் புவா பாலா 2009இல் இடிபட்டபோதும் இதேதான். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த இடம், நிலம் வேறு பெயரில். நாங்கள் அன்று வேலி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

சட்டத்தை மாற்ற என்னால் ஆகாது. வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், வீட்டு வாசலில் ஒட்டிவிட்டாவது போங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவரைக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வாடகைக்கு விட்ட வீட்டைப் பற்றி இப்படி ஒரு கடிதம் வந்தால், கிடைத்த தேதியை உறை மேல் எழுதி, அன்றைக்கே படம் பிடித்துக் குடியிருப்பவருக்கு அனுப்புங்கள். 21 நாள் என்பது சீக்கிரம் போய்விடும்.

போன வாரம் அடுத்த சந்தில் ஒரு நிலத்தைத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன், கடிதம் வந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்தச் சந்தில் 14 வீடு, அதில் ஒன்பது வாடகை. மீதி ஐந்து வீட்டுக் கதவையும் இந்தச் சனிக்கிழமை தட்டப் போகிறேன், அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார்.