நிறத்தைச் சாட்சியாகப் படித்தல்: ‘ஹீரோ’ படத்தைத் தேர்வுக்குத் தயார்செய்த முறை

திரைப்படப் பகுப்பாய்வுத் தாளில் ‘ஒரு வரலாற்றுப் படத்தின் காட்சியழகை ஆராய்க’ என்னும் வகைக் கேள்விக்கு எழுதப்படும் விடைகளில் பல, வியப்புச் சொற்களோடு நின்றுவிடுகின்றன. ‘கண்ணைக் கவரும் ஒளிப்பதிவு’, ‘ஓவியம் போன்ற சட்டகம்’ என்று எழுதினால் திருத்துபவருக்கு உங்கள் ரசனை தெரியுமே தவிர, உங்கள் ஆய்வு தெரியாது. காட்சித் தொடர்பியல் முதுகலைத் தேர்வுக்காக நான் ஆழமாகப் படித்த படம், ஜாங் யிமோ இயக்கத்தில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹீரோ’ என்னும் சீன வாள்வீரப் படம். அதன் அழகு கதையோடு ஒட்டி நிற்பது. யார் பேசுகிறார், அவரை நம்பலாமா என்ற கேள்வியிலிருந்தே அதன் ஒவ்வொரு நிறமும் பிறக்கிறது. இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் விடை தானே ஒழுங்குபடும்.

முதல் முறை பார்க்கும்போது ஒளியையும் உடையையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதியையும் சொல்பவர் யார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரிலி என்னும் வீரன் (ஜெட் லீ) பண்டைய சீனாவின் சின் நாட்டு மன்னனின் அரண்மனைக்கு வருகிறான். மன்னனைக் கொல்ல முயன்ற மூவரையும் வீழ்த்திவிட்டதாகச் சொல்லி, அவர்களுடைய ஆயுதங்களைச் சான்றாக வைக்கிறான். நூறு காலடித் தூரத்துக்குள் எவரையும் அனுமதிக்காத மன்னன், அவனை முதலில் இருபது அடிக்கும் பிறகு பத்து அடிக்கும் நெருங்க விடுகிறான். பெயரிலி சொல்லும் கதை சிவப்பில் வருகிறது. அதை நம்பாத மன்னன் தன் ஊகத்தை விரிக்கும் பகுதி நீலத்தில் வருகிறது. பின்னர் வெளிப்படும் உண்மை வெண்மையில் வர, அதற்குள் உடைந்த வாள் என்னும் பாத்திரம் (டோனி லியுங்) நினைவுகூரும் பழைய நிகழ்வு பச்சையில் வருகிறது. விடையின் முதல் பத்தியிலேயே இந்த வரிசையை எழுதிவிடுவது நல்லது.

நிறங்களுக்கு அகராதிப் பொருள் கொடுப்பதைத் தவிருங்கள். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்று எழுதுவது எளிது. ஆனால் படத்தையே அது பொய்யாக்கிவிடும். காதலர்களான உடைந்த வாளும் பறக்கும் பனி என்னும் வீராங்கனையும் (மேகி சியுங்) சிவப்பில் பொறாமையால் ஒருவரையொருவர் அழிக்கிறார்கள். நீலத்தில் ஒருவருக்காக ஒருவர் உயிர்கொடுக்கிறார்கள். மனிதர்கள் மாறவில்லை, சொல்பவர் மாறியிருக்கிறார் என்பதை உடையின் நிறம் நமக்குச் சொல்கிறது. சீன வழக்கில் வெண்மை துக்கத்தின் நிறம் என்பது இறுதிப் பகுதிக்குப் பொருந்தும். அதைக்கூட ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இம்முறையில் எனக்கு மிகுதியாகக் கிடைத்தது ஏரிச் சண்டையிலிருந்துதான். சிச்சுவான் மாகாணத்தின் ஜியுஜைகோவில் உள்ள அம்பு மூங்கில் ஏரியில் அது படமாக்கப்பட்டது. அசையாத நீரில் மலையும் வானமும் தலைகீழாகத் தெரிய, மேலும் கீழுமாகச் சட்டகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது; அந்த எல்லைக்கோட்டின் மேல் பெயரிலியும் உடைந்த வாளும் நீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கிறார்கள். ஏரியில் உள்ள மண்டபத்தில் பறக்கும் பனியின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. ஒரு துளி நீர் அவள் முகத்தில் விழுந்ததும், உடைந்த வாள் சண்டையை விட்டு அதைத் துடைக்கப் போகிறான். வெல்வதற்காக அல்லாமல் இறந்தவளுக்கு மரியாதை செய்வதற்காக நிகழும் சண்டை இது என்பதை, வசனமின்றியே அசைவுகள் உணர்த்துகின்றன. இதைவிட முக்கியமான ஒன்றை விடையில் கட்டாயம் எழுதுங்கள்: படத்தின் மிகத் தூய்மையான இந்தக் காட்சி மன்னனின் கற்பனைக்குள் நிகழ்கிறது. தன்னைக் கொல்ல வந்தவர்களை இத்தனை உயர்வாக எண்ணிப் பார்க்கக் கூடியவன் அவன் என்பதால், ஏரியின் அழகு அவனுடைய குணச்சித்திரமாகவும் ஆகிவிடுகிறது. விடைத்தாளில் சிறு செவ்வகம் வரைந்து, நீர்க்கோட்டையும் உருவங்களின் இடத்தையும் காட்டினால், ஒரு பத்தி எழுதுவதைவிடத் தெளிவாக இருக்கும்.

பாப்லர் காட்டில் நடக்கும் சண்டையையும் இவ்வாறே அணுகலாம். உள் மங்கோலியாவின் எஜினாப் பகுதியில் இலையுதிர்காலத்தில் எடுக்கப்பட்ட அந்தக் காட்சியில், நிலா என்னும் பெண் (ஜாங் ஸீயி) இறக்கும்போது மஞ்சள் இலைகள் முழுவதும் சிவப்பாக மாறுகின்றன. இது பெயரிலி புனைந்த கதையின் உச்சம் என்பதை நினைவில் வைத்தால், இயற்கையே நிறம் மாறும் அளவுக்கு அந்தக் கதை உணர்ச்சியை ஊதிப் பெருக்குவதன் காரணம் விளங்கும்.

கறுப்பைப் பலர் கவனிப்பதில்லை. அரண்மனை, கவசம், கொடி, படை யாவும் கறுப்பு அல்லது கரும்சாம்பல். இதற்கு வரலாற்று அடிப்படை உண்டு: பிற்காலத்தில் பேரரசனான சின் மன்னன், சீனரின் ஐம்பூதக் கோட்பாட்டின்படி (மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்) நீரையும் அதற்குரிய கறுப்பையும் தன் ஆட்சிக்கு உரியவையாகக் கொண்டான் என்று பண்டைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய வரலாறு கூறுகிறது. கி.மு. 227இல் ஜிங் கே என்பவன் அவனைக் கொல்ல முயன்று தோற்றதும், கி.மு. 221இல் அவன் ஆறு நாடுகளையும் வென்று சீனாவை ஒன்றாக்கியதும் வரலாறு. படத்தின் கதை இந்தப் பின்னணியில் எழுந்த புனைவு. இரண்டையும் பிரித்து எழுதினால் வரலாற்றுப் பகுதிக்குரிய மதிப்பெண் கிடைக்கும். அந்தக் கருமைக்கு நடுவே மன்னனுக்கும் பெயரிலிக்கும் இடையில் எரியும் மெழுகுவர்த்திகளைக் குறிப்பாகப் படியுங்கள். சுடர்கள் தன் பக்கம் அசைவதைக் கண்டு, எதிரில் இருப்பவனின் கொலைநோக்கத்தை மன்னன் உணர்கிறான். பொருள் அலங்காரம் கதைத் திருப்பமாக மாறும் இடத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

கலைஞர்களைப் பற்றிய குறிப்பு சுருக்கமாக இருக்கட்டும். ஜாங் யிமோ பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் கிறிஸ்டோபர் டாய்ல். உடை வடிவமைத்த எமி வாடா, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரான்’ (1985) படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். மூன்று மகன்களின் படைகளை நிறத்தால் பிரித்துக் காட்டிய அந்தப் படத்தோடு ஒப்பிடுவது பொருத்தமானது. சண்டை அமைப்பு சிங் சியு டங், இசை டான் டன்.

ஒப்பீடு கேட்டால் பெரும்பாலோர் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தை எழுதுவார்கள்; நீங்களும் எழுதலாம், ஆனால் வேறுபாட்டைச் சொல்லுங்கள். அதில் முரண்படும் சாட்சியங்களுள் எது மெய் என்ற ஐயம் நீடிக்கிறது. ‘ஹீரோ’வோ வெண்மையில் வரும் கதையை உண்மை என்று முன்வைத்து, நாடு ஒன்றாவதற்காகப் பெயரிலி தன் கொலைத்திட்டத்தைக் கைவிடும் முடிவை நோக்கிச் செல்கிறது. ஒற்றை அதிகாரத்தை அந்த முடிவு நியாயப்படுத்துகிறது என்ற விமர்சனம் படம் வெளிவந்த நாள் முதல் உண்டு. காட்சியழகு பற்றிய கேள்விக்கு அரசியல் எதற்கு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே நிறத்தில், ஒரே வரிசையில், ஒரே குரலில் நிற்கும் படையை இத்தனை கம்பீரமாகக் காட்டும் சட்டகம், பார்ப்பவரை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதும் காட்சியழகு பற்றிய கேள்விதான். இதற்கு எழுதும் பத்தியில் உங்கள் சொந்த நிலைப்பாட்டைத் தயங்காமல் எழுதி, அதற்குச் சான்றாகக் குறைந்தது ஒரு சட்டகத்தையாவது விவரியுங்கள்.