பாடி வாஷ் பாட்டிலின் பின்பக்கம்

போன வருடம் வீடு மாறினோம். புது வீட்டில் முழுக்க போர் தண்ணீர்தான், குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கும். ஒரு மாதத்தில் என் காலும் அந்தக் குழாய் மாதிரியே ஆகிவிட்டது, முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறினால் சிலேட்டில் எழுதின மாதிரி வெள்ளைக் கோடு விழும். சோப்புதான் காரணம் என்று முடிவுகட்டி, பாதாம் படம் போட்ட ஒரு பாடி வாஷ் வாங்கினேன். ரெண்டு வாரத்தில் கோட்டோடு அரிப்பும் சேர்ந்துகொண்டது.

சோப்பைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. பிஎச் என்பது அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, 7 நடு. சோப்பின் பிஎச் 9, 10 என்று காரமாக இருக்கும், நம் தோலுக்கோ 5 பக்கம், லேசான அமிலம். போதாததற்கு உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படியும். வாளி விளிம்பில் வளையமாக ஒட்டியிருக்குமே, அதுதான், தோலிலும் ஒட்டும். பாடி வாஷில் பெரும்பாலும் சோப்பே கிடையாது, அதனால் இந்தப் பிசுக்கு வராது. சரி, அப்புறம் ஏன் அரித்தது?

மொபைல் கேமராவில் பெரிதாக்கித்தான் பின்பக்கத்தைப் படிக்க முடிந்தது, எழுத்து அவ்வளவு பொடி. தண்ணீர், நுரைத்து அழுக்கை எடுக்கிற சோடியம் லாரெத் சல்பேட், சோடியம் குளோரைடு, அதே வேலையை மென்மையாகச் செய்கிற கோகமிடோப்ரோபைல் பீட்டைன் கொஞ்சம், பர்ஃப்யூம், பீனாக்ஸிஎத்தனால், அதற்கும் பின்னால் பாதாம் எண்ணெய். பட்டியலில் அதிகமாக இருப்பதுதான் முதலில் வரும், 1 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பவற்றை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். பீனாக்ஸிஎத்தனால் கெடாமல் இருக்கப் போடுவது, பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. அதற்குப் பிறகு வருகிற பாதாம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சோடியம் குளோரைடு வேறொன்றுமில்லை, சாப்பாட்டு உப்பு, திரவம் கெட்டியாகத் தெரிவதற்காக.

சல்பேட் என்றாலே விஷம் என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. லாரில் சல்பேட் வேறு, லாரெத் சல்பேட் வேறு. லாரில்தான் முரடு, தோல் ஆராய்ச்சியில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க அதைத்தான் தடவுவார்கள். லாரெத் அதைவிடச் சாது, பீட்டைன் தாராளமாகச் சேர்ந்தால் இன்னும் அடங்கும். என் பாட்டிலில் பீட்டைன் குறைச்சல், வாசனை தூக்கல். அதிலும் நான் உள்ளங்கை நிறைய ஊற்றி, பீர்க்கங்காய் நாரில் போட்டு, நல்ல சூட்டுத் தண்ணீரில் தேய் தேயென்று தேய்த்தேன். பழியில் பாதி எனக்கும் உண்டு.

அடுத்து வாங்கியதில் படமே இல்லை, வாசனையும் இல்லை. முதலில் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், தேங்காய் எண்ணெயிலிருந்து வருவது, அழுக்கை எடுக்கும், தோலின் சொந்த எண்ணெயை அவ்வளவாகச் சுரண்டாது. 1957-இல் அமெரிக்காவில் வந்த டவ் குளியல் கட்டிக்கு அடிப்படை இதுதான். அடுத்து பீட்டைன், மூன்றாவதாகவே கிளிசரின். கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கழுவியபிறகும் கொஞ்சம் தங்கும். சோப்பு காய்ச்சும்போது தானாகவே கிளிசரின் உண்டாகும், பல ஆலைகள் அதைத் தனியாகப் பிரித்து விற்றுவிடும், அதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல்.

வைட்டமின், கற்றாழை எல்லாம் ஒரு நிமிடத்தில் வடிகாலுக்குப் போகிறவை, அதற்காகக் கூடுதல் காசு தர மாட்டேன். சாலிசிலிக் அமிலம் மட்டும் வேறு ரகம், முதுகில் பரு இருப்பவர்கள் பூசி ரெண்டு நிமிடம் விட்டுக் கழுவினால் பலன் உண்டு, என் கால் மாதிரி வறண்ட தோலுக்கு அது ஆகாது. கெடாமல் இருக்கப் போடுகிற மெத்தில்ஐசோதயசோலினோன் பட்டியலில் இருந்தால் நான் திருப்பி வைத்துவிடுவேன். ஒவ்வாமை கிளப்புவதில் பேர்போனது, கழுவாமல் விடுகிற கிரீம்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடையே போட்டது.

இப்போது ஒரு ரூபாய் நாணய அளவுதான் ஊற்றுகிறேன், அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம், அவ்வளவுதான். காலுக்கு வெறும் தண்ணீர், துவட்டிய ஈரத்தோடு தேங்காய் எண்ணெய். மூன்று வாரத்தில் கோடு மறைந்தது. பாதாம் பாட்டில் பாதி மிச்சம் இருந்தது, அம்மா அதில் சீப்பு ஊறவைக்கிறார், பளிச்சென்று வருகிறது.