தாலி கட்டுற நேரத்துல காப்பிரைட்

இப்போதெல்லாம் பந்தக்கால் நட்ட கையோடு யூடியூப் லைவ் லிங்க் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்துவிடுகிறது. டொரண்டோ சித்தி, தோகா மச்சான், முழங்கால் வலியால் வர முடியாத தாத்தா எல்லோருக்கும் அதுதான் மண்டபம். மாங்கல்யத் தட்டு சுற்றி வந்து ஐயர் கைக்குத் திரும்புகிறது. அவர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்கிறார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும் அந்த நேரம் பார்த்துதான் சவுண்ட் சர்வீஸ் தம்பிக்கும் உற்சாகம் பொங்கும். பென்டிரைவில் இருக்கும் சினிமாக் கல்யாணப் பாட்டு ஒன்றைத் தட்டிவிடுவார். கொஞ்ச நேரத்தில் டொரண்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் மறைந்து, அசையாத படம் ஒன்று வந்து நிற்கும்.

குழுவில் உடனே ஆராய்ச்சி தொடங்கிவிடும். "நெட் போச்சா?" "கரண்ட் இல்லையா?" "ஜெனரேட்டர் வாடகை குடுத்தாச்சா?" "கட்டியாச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கப்பா!"

நெட்டும் போகவில்லை, கரண்ட்டும் போகவில்லை. பாட்டுதான் காரணம். யூடியூப் 2007-லிருந்து கன்டென்ட் ஐடி என்று ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. இசை நிறுவனங்கள் தங்கள் பாட்டுகளை அதில் கொடுத்து வைக்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் கைரேகை மாதிரி ஓர் ஒலிரேகை எடுத்துவைத்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொரு வீடியோவோடும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். லைவிலும் இந்தச் சோதனை நடந்துகொண்டேதான் இருக்கும். பொருந்தினால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் படத்துக்குப் பதில் ஒரு நிலைப்படம், அதற்கும் பாட்டு நிற்கவில்லை என்றால் லைவே நிறுத்தப்படலாம். எச்சரிக்கை ஒளிபரப்புகிறவரின் திரையில்தான் வரும். அவரோ அந்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மணமேடையில் முட்டி போட்டிருப்பார். லேப்டாப் முன்னால் இருப்பது ஜிகர்தண்டா குடிக்கும் உதவியாளர்ப் பையன். அவனுக்கு அது ஏதோ விளம்பரம்.

இங்கே சட்டம் தெரிந்த மாமா ஒருவர் எழுவார். எல்லாக் கல்யாணத்திலும் ஒருவர் உண்டு. "கல்யாணத்துல பாட்டு போட ராயல்டியே கிடையாது, கவர்மென்ட்டே சொல்லியிருக்கு" என்பார். அவர் சொல்வது சரி. 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 52(1)(இஸட் ஏ), மதச் சடங்குகளில் இசையையும் ஒலிப்பதிவையும் ஒலிக்கச் செய்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. மண்டபங்களில் வந்து ராயல்டி கேட்கிறார்கள் என்ற புகார்கள் பெருகியதால், 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை இதையே பொது அறிவிப்பாக மறுபடி சொன்னது.

ஆனால் மாமாவின் சட்டம் மண்டப வாசலோடு நின்றுவிடும். மண்டபத்தில் பாட்டு ஒலிப்பது ஒரு செயல். அதைக் கல்யாண வீடியோவில் பதித்து, உலகம் முழுக்கப் பார்க்கும்படி ஏற்றுவது வேறு செயல். ஸ்லோமோஷனில் மணப்பெண் திரும்பிப் பார்க்கும் காட்சிக்கு எடிட்டர் பின்னால் ஒட்டுகிற பாட்டு எந்தச் சடங்கிலும் சேராது, எந்த ஐயரும் அதற்கு மந்திரம் சொல்லவில்லை. லைவில் தற்செயலாகக் கேட்கும் பாட்டைப் பற்றி வக்கீல்கள் வேண்டுமானால் இரு பக்கமும் வாதாடலாம். கன்டென்ட் ஐடிக்கு வக்கீலும் தெரியாது, பிரிவு 52-ம் தெரியாது. ஒலி பொருந்துகிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி.

"அப்போ பாரதியார் பாட்டு போட்டுக்கலாமே, அது நாட்டுடைமைதானே?" என்று அடுத்த யோசனை வரும். பாரதி எழுதிய வரிகள் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. சினிமாவுக்காக ஒருவர் போட்ட மெட்டு, அவர் காலமாகி 60 வருடம் வரை காப்புரிமையில் இருக்கும். ஒலிப்பதிவுக்கோ, வெளிவந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடக் கணக்கு. 1964-இல் வந்த ரெக்கார்டு இந்தியாவில் 2025 ஜனவரி 1-இல் விடுபட்டிருக்கும். அதே பாட்டின் மெட்டும் வரிகளும் இன்னும் விடுபடாமல் இருக்கலாம். பழைய பாட்டு என்பதால் இலவசம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரி, சினிமாவே வேண்டாம், நாதஸ்வரம் மட்டும் என்றால் தப்பித்தோமா? பெரும்பாலும் ஆம். தியாகராஜர் மறைந்தது 1847-இல், அவர் கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அதே கீர்த்தனையை வாசித்துப் பதிவு செய்த ஆல்பம் ஒரு நிறுவனத்தின் சொத்து. கன்டென்ட் ஐடி ஒலிப்பதிவை மட்டும் பார்ப்பதில்லை, மெட்டையும் பொருத்திப் பார்க்கும். உங்கள் மேளக்காரர் நேரில் வாசித்ததை ஆல்பத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இந்த வியாதி நமக்கு மட்டுமில்லை. 2018-இல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பிரிட்டிஷ் பியானோ கலைஞர் தன் வீட்டில் உட்கார்ந்து பாக் இசையை வாசித்து ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் 47 நொடி சோனி மியூசிக்குக்குச் சொந்தம் என்று தகவல் வந்தது. பாக் இறந்தது 1750-இல். அதே வருடத் தொடக்கத்தில் இன்னொரு கூத்து: ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் செபாஸ்டியன் டாம்சாக் யூடியூபில் ஏற்றியிருந்த 10 மணி நேர வெறும் இரைச்சலுக்கு ஐந்து கிளெய்ம், அதாவது 'இது எங்களுடையது' என்ற உரிமைகோரல். ட்யூன் ஆகாத ரேடியோவில் வரும் 'ஷ்ஷ்ஷ்' சத்தம்தான் அது, அதற்கே ஐந்து பாத்தியதை! 2012 ஆகஸ்டில் நாசா, தன் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கிய வீடியோவைத் தானே ஏற்றியபோது, ஒரு செய்தி நிறுவனத்தின் கிளெய்மால் அது கொஞ்ச நேரம் முடங்கிக் கிடந்தது. செவ்வாய்க்கே இந்த கதி, செவ்வாய் தோஷக் கல்யாணத்துக்கு என்ன சலுகை கிடைக்கும்?

கல்யாணம் முடிந்து முழு வீடியோவை ஏற்றிய அன்று சாயங்காலம் ஒரு மெயில் வரும். "காப்பிரைட்" என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் கை உதறும். பெண்ணின் அப்பா போட்டோகிராபருக்கு போன் போட்டு, "தம்பி, நம்ம மேல கேஸ் போட்டிருக்கானாம்" என்பார். கேஸ் எல்லாம் இல்லை. கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்பது இயந்திரம் ஒட்டுகிற சீட்டு. அதன் விளைவு, பாட்டின் சொந்தக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்த மூன்றில் ஒன்று: வீடியோவை முடக்குவது, விளம்பரம் ஓட்டிக் காசை எடுத்துக்கொள்வது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்வது. நம் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான் நடக்கும். 200 பேர் பார்க்கிற கல்யாண வீடியோவில் அவருக்குக் கிடைப்பது டீக்காசுகூடத் தேறாது. உங்கள் சேனல் சம்பாதிக்கும் சேனல் இல்லையென்றால் இழப்பும் இல்லை. அப்படிப்பட்ட கிளெய்மை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. விளம்பரம் வந்தால் என்ன, கல்யாண ஆல்பத்திலேயே பிளெக்ஸ் கடை விளம்பரம் வைக்கிற ஊர்தானே இது.

ஸ்ட்ரைக் அப்படியில்லை. சொந்தக்காரர் முறைப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பினால்தான் வரும். முதல் ஸ்ட்ரைக்குக்கு 'காப்பிரைட் ஸ்கூல்' என்ற பாடத்தைப் பார்த்து முடிக்க வேண்டும், 90 நாளில் அது காலாவதியாகும். அந்த 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலையே மூடிவிட முடியும். சீமந்தம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாம் ஒரே சேனலில் இருக்கும் குடும்பம் இதைக் கவனிக்க வேண்டும்.

கிளெய்ம் வந்ததும் 'டிஸ்ப்யூட்', அதாவது ஆட்சேபப் பொத்தானை அழுத்தாதவர் இல்லை. காரணமாக எழுதப்படுபவை ஒரு தனி இலக்கியம். "வீடியோ எங்க காசுல எடுத்தது." "பாட்டு கேக்குற ஆப்புக்கு மாசாமாசம் பணம் கட்டுறோம்." "பத்து நொடிதான் வருது." "இசையமைப்பாளர் பேரை டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கோம்." ஒன்றும் செல்லாது. பத்து நொடி, முப்பது நொடி விதி என்று எதுவும் சட்டத்தில் இல்லை. மாதச் சந்தா பாட்டைக் கேட்பதற்கு, ஏற்றுவதற்கு இல்லை. உண்மையான காரணம் இருக்கும்போது மட்டும் டிஸ்ப்யூட் போடுங்கள். தியாகராஜர் கீர்த்தனையை உங்கள் மேளக்காரரே வாசித்தது என்பது சரியான காரணம். அதை எழுதும்போது கீர்த்தனையின் பெயர், இயற்றியவர், அவர் மறைந்த வருடம், நேரில் வாசித்தது, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்பதெல்லாம் இருக்கட்டும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் தானாக விலகும். நிராகரித்தால் மேல்முறையீடு, அதற்கு அவர்களுக்கு 7 நாள். அதையும் நிராகரித்தால் அவர்களிடமிருந்து நீக்கக் கோரிக்கை, அதாவது உங்களுக்கு ஸ்ட்ரைக். "எதுக்கும் ஒரு தட்டு தட்டிப் பாப்போம்" என்று மூன்று படி ஏறியவர்கள் விழுவது அங்கிருந்துதான்.

வீடியோ முடங்கியிருந்தால் வழி இருக்கிறது. யூடியூப் ஸ்டூடியோவில் கிளெய்ம் விவரத்துக்குப் போனால் மூன்று வசதி தெரியும். 'ட்ரிம்' அந்தப் பகுதியையே வெட்டிவிடும். வெட்டுமுன் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று முடிச்சில் இரண்டு காணாமல் போன வீடியோக்கள் உலவுகின்றன. 'ரீப்ளேஸ்' பாட்டை எடுத்துவிட்டு யூடியூபின் இலவச நூலக இசையைப் போடும். தாலி கட்டும்போது கிடார் கேட்கும், பரவாயில்லை என்றால் சரி. மூன்றாவது 'இரேஸ்'. பேச்சையும் மற்ற சத்தத்தையும் விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் துடைக்கப் பார்க்கும். பேச்சுக்குப் பின்னால் மெதுவாகப் பாட்டு ஓடும் இடத்தில் நன்றாக வேலை செய்யும். நாதஸ்வரமும் ஸ்பீக்கர் பாட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் அது குழம்பிவிடும், அங்கே மொத்தமாக மியூட் செய்வதுதான் வழி. 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோவில் இந்த எடிட்டர் வேலை செய்யாது. லிங்க் மாறாது, பார்த்தவர் எண்ணிக்கையும் போகாது, அதனால் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.

இவ்வளவும் வராமல் இருக்க வேண்டுமானால் வேலை முகூர்த்தத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். புது சேனலில் முதல் லைவ் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், மொபைலிலிருந்து போடுவதென்றால் 50 சந்தாதாரராவது வேண்டும். அதிகாலை நாலரைக்கு "சப்ஸ்கிரைப் பண்ணுங்க, ப்ளீஸ்" என்று குழுவில் கெஞ்சும் மணமகளின் தம்பிக்கு இது புரியும். லைவுக்கு மண்டபத்தின் சவுண்ட் மிக்சரிலிருந்து ஆடியோ எடுக்காதீர்கள், அதில் சினிமாப் பாட்டு சுத்தமாக வந்து இறங்கும். ஐயர் பக்கத்தில் தனி மைக் வைத்தால் மந்திரமும் மேளமும் முன்னால் நிற்கும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம், அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே, முகூர்த்தம் முடியும்வரை பென்டிரைவ் கூடாது என்று சொல்லிவிடுங்கள். வீடியோகிராபரிடம் இரண்டு பிரதி கேளுங்கள்: பாட்டு போட்ட ஹைலைட்ஸ் வீட்டுக்கு, லைவ் சவுண்ட் மட்டும் உள்ளது யூடியூபுக்கு. பிறகு கேட்டால் "புராஜெக்ட் டெலிட் ஆயிடுச்சு சார்" என்ற பதில்தான் கிடைக்கும். ஏற்றும்போது 'Checks' என்ற கட்டத்தில் சோதனை முடியும்வரை பொறுத்திருங்கள், வெளியிடும் முன்பே கிளெய்ம் தெரிந்துவிடும். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் 'அன்லிஸ்டட்' போட்டால் இயந்திரம் பார்க்காது என்பது வதந்தி, 'பிரைவேட்' வீடியோவையும் அது பார்க்கும்.

யூடியூபே வேண்டாம், ஜூமில் போடலாம் என்பவர்களுக்கு: இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். ஐயர் அப்போதுதான் மாப்பிள்ளையை முகூர்த்த வேட்டி மாற்றி வரச் சொல்லியிருப்பார். இன்னொன்று, ஜூமின் இரைச்சல் குறைப்பு, தவிலை இரைச்சலாக எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். ஆடியோ செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்கினால்தான் கெட்டிமேளம் கேட்கும்.

குடும்பத்துக்கு மட்டும் என்றால் கூகுள் டிரைவ் போதும். 1080 தரத்தில் நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி, மூன்று மணி நேர முகூர்த்தம் 10.8 ஜிபி. இலவச இடம் 15 ஜிபி, ஆனால் அதில் மெயிலும் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்து குடியிருக்கும். குட் மார்னிங் ரோஜாக்களை முதலில் காலி செய்ய வேண்டும்.

பென்டிரைவில் தருவதாக இருந்தால், ஃபேட் 32 என்ற ஃபார்மட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் தாண்டலாம், ஆனால் சில பழைய டிவிகள் அதைப் படிக்காது. அவற்றுக்குத் துண்டு போட்டுத்தான் வாங்க வேண்டும். துண்டுகளுக்கு 01, 02 என்று எண் வைத்துப் பெயரிடச் சொல்லுங்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் டிவி அகரவரிசைப்படி பந்தியை முதலில் பரிமாறிவிட்டு, அப்புறம்தான் மாப்பிள்ளையை அழைக்கும்.