வேலியோர மாகாணத்தின் சட்டப் புத்தகம்

பெரியப்பா வீட்டில் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடுகிறார்கள். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கும்போது ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் கரையான் தொடாமல் எங்கள் மாகாணத்தின் சட்டப் புத்தகம்.

சந்தூர் பக்கம் பெரியப்பாவுக்கு மாந்தோப்பு. 1994 கோடை விடுமுறையில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அதைத் தனி நாடாக அறிவித்தோம். கிணற்றடி, களத்துமேடு, வேலியோரம் என மூன்று மாகாணங்கள். தாத்தா தமிழ்நாட்டைக் கடைசிவரை சென்னை மாகாணம் என்றுதான் சொன்னார், அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். நான் வேலியோரத்துக் குடிமகள். எங்கள் பக்கம் முழுக்கப் பெங்களூரா மரங்கள், ஒரே ஒரு மல்கோவா.

இப்படித் தொடங்கியவர்கள் உலகத்தில் நிறையப் பேர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1979 டிசம்பரில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுப் பையன் தன் படுக்கையறையைத் தலோசா என்று தனி நாடாக்கினான். அதற்கு இன்று நாடாளுமன்றமும் மாகாணங்களும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் லியோனார்ட் கேஸ்லி என்ற விவசாயி, விற்கிற கோதுமைக்கு அரசு வைத்த அளவுக் கட்டுப்பாட்டில் தகராறாகி, 1970இல் தன் பண்ணையையே ஹட் ரிவர் மாகாணம் என்று பிரித்துக்கொண்டார். 2020 வரை அது ஓடியது.

எங்கள் சட்டமும் தகராறில் பிறந்ததுதான். முதல் விதி: "காற்றில் விழுந்த காய் மாகாணத்துக்கு. பறித்த காய் பெரியப்பாவுக்கு." படித்ததும் அந்த மல்கோவா மரத்தடிச் சண்டை ஞாபகம் வந்துவிட்டது. கிளையை உலுக்கி விழுந்த காய் எந்தக் கணக்கு? அதற்காக இரண்டாம் விதி: "உலுக்கினால் பறித்ததுதான்." மூன்றாவது, பெரியவர்களிடம் போய்ச் சொல்கிறவருக்கு மறுநாள் ஓட்டு கிடையாது.

ஓட்டுக்குப் புளியங்கொட்டை. ஒரு பக்கம் கல்லில் உரசி வெள்ளை ஆக்கியது சம்மதம், உரசாதது மறுப்பு. மூடின சொம்பில் போட்டுக் கவிழ்த்து எண்ணுவோம். விதியை மாற்றினால் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. அது யார் யோசனையோ, நான் ரொம்ப மதிக்கிறேன். பெரிய அலுவலகங்களின் சுற்றறிக்கைகளில்கூட இதைப் பார்க்க முடிவதில்லை; விதி இருக்கும், எதற்காக வந்தது என்று எவருக்கும் தெரியாது.

ஏழாவது விதிக்கு வருகிறேன். "பொம்பளப் பிள்ளைங்க தலைவர் ஆகக் கூடாது." நீல மையில், அண்ணன் கையெழுத்தில். அதன்மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் பெரியப்பா மகள், எங்கள் அக்கா, எழுதியிருக்கிறார்: "நீக்கப்பட்டது. காரணம்: இந்த விதி ஏன் என்று கேட்டதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை." கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அண்ணனும்தான். என் பெயரில் ஒரு எழுத்து திரும்பி நிற்கிறது. அதற்கடுத்த பக்கத்திலேயே தலைவர் பெயர் அக்காவுடையது.

அக்காவுக்கு போன் செய்து வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தச் செவப்பு பேனா தாத்தாவோடது, திருப்பிக் குடுக்கவே இல்லடி" என்றார்.

ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். மற்ற இரண்டு மாகாணங்களுக்கும் தனித்தனி நோட்டு இருந்தது. கிணற்றடிக்காரன் இப்போது ஓசூரில் இருக்கிறான். மோட்டார் தொட்டியில் யார் முதலில் குளிப்பது என்று எங்களுக்கும் அவர்களுக்கும் போட்ட ஒப்பந்தம் அதில்தான் இருக்க வேண்டும். வீட்டில் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.